பழைய காருக்கு எந்த ஹப்கேப்: தேய்ந்த ஒரிஜினலா, மறுகுரோமா, புது நகலா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். தாத்தா விட்டுப் போன மோரிஸ் மைனர் கொட்டகையில் இருக்கிறது, எஞ்சினை ஓடவைத்தாகிவிட்டது, டயரும் புதுசு, ஆனால் சக்கரத்தின் நடுவை மூடும் மூடிகள், அதாவது ஹப்கேப், நான்கில் இரண்டைக் காணோம், மிச்சம் இரண்டும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. "அண்ணே, பழசையே தேடவா, இருப்பதைக் குரோம் போடவா, இல்லை இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைத்துவிடவா?" இதே கேள்வியை இன்னொரு கூட்டமும் கேட்கிறது. அவர்களிடம் காரே கிடையாது, மூடிகளை மட்டும் சேர்த்துச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹப்கேப்பின் மதிப்பு பளபளப்பில் இல்லை, நடுவில் இருக்கும் எழுத்தின் கூர்மையிலும் மூடியின் பின்பக்கத்தில் அடித்திருக்கும் எண், பெயர் முத்திரையிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டையும் அழிக்கிற எந்த வேலைக்கும் காசு கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, மூடி ரோட்டில் ஓடப்போகிறதா, சுவரில் தொங்கப்போகிறதா. ரோட்டில் ஓடுவது என்றால் தோட்டத்துச் செம்மண் சாலை, குழி, மழை, டயர் கடைப் பையன் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவது, எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும். சுவருக்கு என்றால் அந்தக் கவலை இல்லை, ஆனால் அது உண்மையிலேயே எந்த வருடத்து எந்தக் காருடையது என்று நிரூபிக்க முடிய வேண்டும்.

அடுத்தது பொருத்தம். ரிம்மில் கவ்விக்கொள்ளாத மூடி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் குழியிலேயே பறந்துபோய் வாய்க்காலில் விழும். பிறகு ஈரம்: பேராக் மழைக்கும் புழுக்கத்துக்கும் குரோம் எத்தனை வருடம் தாங்கும்? அப்புறம் முழுச் செலவு, அதாவது கேட்ட விலையோடு தபால், வரி, ஒடுக்கு எடுக்கும் கூலி, அலைந்த பெட்ரோல் எல்லாம் சேர்ந்தது. கடைசியாக, நாளைக்கு விற்க வேண்டி வந்தால் போட்ட காசு திரும்புமா என்பது.

அதற்கு முன்னால்: கையில் இருப்பது என்ன?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நம் ஊர்களில் இத்தனை விதமான மூடிகள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு கம்பெனி 1926லேயே சிங்கப்பூரில் மலாயாக் கிளையைத் தொடங்கிவிட்டது. பிறகு தோட்டத்துத் துரைமார் ஆஸ்டினும் மோரிஸும் ஓட்டினார்கள். அவை பழசானதும் தோட்டத்துக் கணக்கர் கிராணிக்கும், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்கும் பட்டணத்துக் கடைக்காரருக்கும் கைமாறின. வெளியூர் டாக்சி என்றால் கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக மெர்சிடிஸ் டீசல். 1967ல் ஷா ஆலத்தில் வோல்வோ கார்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டத் தொடங்கினார்கள். இவற்றின் மிச்சமெல்லாம் லயத்துக்குப் பின்னால் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டாகவும், ஸ்டோரில் ஆணி போட்டுவைக்கும் கிண்ணமாகவும் இன்றும் இருக்கின்றன.

எது எந்தக் காலத்தது என்பதற்கு முதல் தடயம், அது எப்படிப் பூட்டப்படுகிறது என்பது. மிகப் பழையவை மர ஆரக்கால் வைத்த சக்கரங்களின் அச்சு முனையில் திருகி மாட்டும் சின்ன மூடிகள். கிரீஸ் வெளியே வழியாமலும் தூசி உள்ளே போகாமலும் காப்பதுதான் அவற்றின் வேலை. உள்ளே மரை இருக்கும். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி இந்த வகைதான், முதலில் பித்தளை, பிந்திய வருடங்களில் நிக்கல் முலாம். தகட்டை அழுத்திச் செய்த இரும்புச் சக்கரம் பரவிய பிறகுதான் நட்டுகளையும் சேர்த்து மூடும், அமுக்கிப் பொருத்தும் மூடி வந்தது. அதில் கவ்வும் கிளிப் சில கார்களில் ரிம்மிலேயே இருக்கும், சிலவற்றில் மூடியின் உள்விளிம்பில் பற்கள் மாதிரி இருக்கும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் முதல் வகை, அதனால் பீட்டில் மூடி ரிம்மில் நிற்கவில்லை என்றால் மூடியைக் குறை சொல்வதற்கு முன்னால் ரிம்மில் உள்ள கிளிப்புகளைப் பாருங்கள். கம்பிச் சக்கரத்தில் சுத்தியலால் தட்டிக் கழற்றும், இரண்டு மூன்று காது வைத்த திருகுகளையும் மக்கள் ஹப்கேப் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அதில் இடப்பக்கத்துக்கு ஒரு மரை, வலப்பக்கத்துக்கு எதிர்மரை; ஜோடி பார்க்காமல் வாங்கினால் இரண்டும் ஒரே பக்கத்துக்குரியவையாக வந்து சேரும். காது நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகளை அமெரிக்கா பாதுகாப்புக் காரணத்துக்காக 1968 மாடல்களிலிருந்து தடை செய்தது. பிறகு எண்கோண நட்டுகள் வந்தன.

இரண்டாவது தடயம் உலோகம். பாக்கெட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. குரோம் போட்ட இரும்பில் பளிச்சென்று ஒட்டும். எவர்சில்வரில் மட்டும் கவனம் வேண்டும், சில வகை ஒட்டும், சில வகை ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நிறத்தையும் பாருங்கள். நிக்கல் லேசான மஞ்சள் வெதுவெதுப்போடு இருக்கும், குரோம் நீலம் தட்டும். கார்களில் குரோம் பரவலானது 1920களின் கடைசியில்தான். மாடல் ஏ ஃபோர்டில் 1928, 1929 மூடிகள் நிக்கல் முலாம், 1930, 1931 மூடிகள் எவர்சில்வர். அந்தக் காலத்து மூடி என்று சொல்லி நீலப் பளபளப்போடு ஒன்றை யாராவது நீட்டினால், பின்னால் யாரோ குரோம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, எழுத்து. மோரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை வந்தது, மூடி நடுவில் எம். ஆஸ்டினுக்கு ஏ. ஆனால் 1952ல் ஆஸ்டினும் மோரிஸும் பிஎம்சி என்ற ஒரே கம்பெனியான பிறகு ஒரே அடித்தளத்தில் பல பெயரில் கார் விட்டார்கள். 1957ல் வந்த ரைலி 1.5, உல்ஸ்லி 1500 இரண்டும் மைனரின் அடித்தளம்தான். அதனால் அளவு ஒத்துப்போனது என்பதற்காக இது மைனர் மூடி என்று முடிவு கட்டாதீர்கள், எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். பீட்டிலில் 1960களின் நடுவில் உப்பிய மூடி போய்த் தட்டையான மூடி வந்தது, பார்த்தவுடனே தெரியும். மெர்சிடிஸில் மூடிக்குக் காரின் உடம்பு நிறத்தையே அடிப்பார்கள், 1976 முதல் வந்த டபிள்யூ 123 மாடலில் இதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பழைய மூடியில் சாயத்தின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால் அடியில் முந்தைய காரின் நிறம் தெரியலாம். நடுவில் எந்தக் கார் கம்பெனியின் எழுத்தும் இல்லாமல் பின்னால் ஏஸ் என்று இருந்தால், அது கவென்ட்ரியில் இருந்த கார்னர்கிராஃப்ட் கம்பெனி தனியாகச் செய்து விற்ற அலங்கார மூடி. அதையும் ஆசையாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் பின்பக்கம். விற்கிறவர் முன்பக்கத்தைத்தான் துடைத்துக் காட்டுவார், நீங்கள் திருப்பிப் பாருங்கள். பாக எண், செய்த கம்பெனி பெயர், அச்சு அடித்த கோடுகள், எல்லாம் அங்கேதான். முன்னால் புத்தம் புதுப் பளபளப்பு, பின்னால் துருக்குழி மேலேயே முலாம் ஏறியிருக்கிறது என்றால் அது மறுகுரோம். பின்னாலும் ஒரு கீறல்கூட இல்லாமல், எண்ணும் இல்லாமல், தகடு மெலிதாக இருந்தால் பெரும்பாலும் புது நகல்.

விட்டத்தை அளக்கும்போது வெளிவட்டத்தை அளந்து பயனில்லை. ரிம்மில் கவ்வும் உள்விளிம்பை அளக்க வேண்டும்.

வழி 1: தேய்ந்த ஒரிஜினல், இருக்கிறபடியே

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. ஈப்போ, கோலாலம்பூர்க்காரர்கள் காசு கொடுத்துத் தேடுவது நமக்குக் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. தோட்டங்களைத் துண்டாடி வீட்டு நிலமாக்கும்போது பழைய கொட்டகைகளைக் காலி செய்கிறார்கள், பழைய இரும்பு லோரி வந்து எல்லாவற்றையும் கிலோ கணக்கில் ஏற்றிப் போய்விடுகிறது. பெசி புரோக், அதாவது பழைய இரும்புக் கடைத் தவுக்கேயிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: நடுவில் எழுத்து உள்ள வட்ட மூடி எது வந்தாலும் எடுத்து வைக்கச் சொல்லி, இரும்பு விலையை விட அதிகமாகத் தருவதாகவும் சொல்லுங்கள். ஒரு மூடியில் இருக்கும் இரும்பு கொஞ்சம்தான், அவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. பினாங்கு லோரோங் கூலிட் சந்தை, பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வாரக்கடைசிச் சந்தை இரண்டும் போய்ப் பார்க்கத் தகுந்தவை, ஆனால் அங்கே விற்கிறவருக்கு விலை தெரியும்.

மறைவான செலவு நேரம்தான். ஒற்றையாகத்தான் கிடைக்கும், நான்கும் ஒரே மாதிரி சேர வருடக்கணக்கில் ஆகலாம், அதற்குள் கார் இரண்டு மூடியோடு ஓட வேண்டும். உள்விளிம்பு துருவால் மெலிந்திருந்தால் கவ்வாது. விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, பொரிந்து உதிர்கிற இடம் இருந்தால் ரோட்டுக்கு வாங்காதீர்கள், சுவருக்கு மட்டும் வாங்குங்கள். யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதும் அவசியம், ஏனென்றால் நிற்கிற காரிலிருந்து மூடி கழற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்வதில் அவசரப்படாதீர்கள். குரோம் மேல் படிந்த மேலோட்டத் துருவுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே போதும், அப்புறம் மெழுகு. பித்தளை மூடியை வீட்டில் விளக்குத் துலக்குகிற பழக்கத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பித்தளை மின்னும், ஆனால் எழுத்து இடுக்கில் ஒட்டியிருந்த கடைசி நிக்கல் துணுக்கும் போய்விடும். அந்தத் துணுக்குதான் அது எந்த வருடத்து மூடி என்பதற்குச் சாட்சி.

சேகரிப்பவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இந்த வழிதான்.

வழி 2: மறுகுரோம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது, நான் அதிகமாகத் தடுப்பதும் இதைத்தான். ஏன் என்று புரிய, வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய முலாமை அமிலத்தில் உரிப்பார்கள், ஒடுக்கு எடுப்பார்கள், பிறகு மெஷினில் வைத்துப் பாலிஷ் போடுவார்கள், செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் மிக மெல்லிய குரோம். பளபளப்பும் துருத் தடுப்பும் பெரும்பாலும் அடியில் உள்ள நிக்கல் தருவது, குரோம் அதைக் காக்கும் தோல்தான். கெடுதல் நடப்பது பாலிஷில். துருக்குழி போக வேண்டுமென்றால் குழியின் ஆழம் வரை சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் செம்பால் நிரப்ப வேண்டும். முதலாவதில் எழுத்தின் ஓரம் மழுங்கும், இரண்டாவதில் எழுத்தின் பள்ளம் தூர்ந்துபோகும். பாட்டி காலத்துப் பாத்திரத்தில் வெட்டிய பெயர் துலக்கித் துலக்கி மறைந்துபோகுமே, அதேதான், ஆனால் ஐம்பது வருடத்தில் நடப்பது இங்கே ஒரே பகலில் நடந்துவிடும்.

செலவுக்கு வருவோம். கடையில் சொல்லும் விலை முலாமுக்கு மட்டுமா, உரிப்பதும் ஒடுக்கு எடுப்பதும் சேர்த்தா என்று கேட்டே ஆக வேண்டும், பெரும்பாலும் ஒடுக்குக்குத் தனிக் கூலி. எழுத்துக்குள் சாயம் இருந்தால் அதைத் திரும்ப அடிப்பது உங்கள் பொறுப்பு. உள்விளிம்பில் வில் மாதிரி கிளிப் பற்கள் உள்ள மூடியை அமிலத்தில் முக்கினால் அந்த வில் இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், முலாம் முடிந்தவுடன் அடுப்பில் சுமார் 200 டிகிரியில் சில மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். இதைக் கடைக்காரரிடம் சொன்னதும் அவர் தலையாட்டினால் நல்ல கடை, விழித்தால் வேறு கடை பாருங்கள். சில இடங்களில் ஸ்ப்ரேயில் குரோம் மாதிரி அடித்துத் தருகிறார்கள். அது சாயம்தான், முலாம் இல்லை, கல் பட்டால் உரியும். இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை: நான்கு மூடியும் கண்ணாடி மாதிரி மின்னினால் பம்பர் மங்கலாகத் தெரியும், அடுத்த மாதம் பம்பரையும் கழற்றிக்கொண்டு ஓடுவீர்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குரோம் தொட்டியில் உள்ள அறுவிணைக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடிய விஷம், அதன் கழிவை நம் நாட்டின் 2005 திட்டமிடப்பட்ட கழிவு விதிகளின்படிதான் அகற்ற முடியும். பின்வாசல் வாய்க்காலில் ஊற்றினால் அது கிராமத்துக் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகும்.

அப்படியானால் எப்போது சரி? மூடி அபூர்வமானதாக இல்லாமல், எழுத்து ஆழமாக, ஒடுக்கு இல்லாமல், முலாம் மட்டும் உரிந்திருந்தால். நான்கில் மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால். அல்லது உங்கள் காருக்கு நகல் எங்குமே கிடைக்காது என்றால். வேலைக்குக் கொடுக்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் மெஷின் வைக்க வேண்டாம், கையாலேயே தேய்க்கட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

வழி 3: புது நகல்

மோரிஸ் மைனருக்கு உதிரிப் பாகம் செய்து விற்கும் கடைகள் இங்கிலாந்தில் இன்றும் ஓடுகின்றன. பீட்டிலுக்கும் நகல் மூடிகள் தாராளம். நான்கும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், பெட்டியில் வந்துவிடும். தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு இதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ஒன்று காணாமல் போனால் மனசு உடையாது, இன்னொன்று வாங்கலாம்.

ஆனால் விலைப்பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வாங்கும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். மூடி எடையில் லேசு, இடத்தில் பெரிது, கூரியர் கம்பெனிகள் பெட்டியின் கன அளவையும் பார்க்கும். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 30க்கு 30க்கு 20 பெட்டி என்றால் 3.6 கிலோ வருகிறது, உள்ளே இருக்கும் மூடிகள் அதைவிடக் குறைவாக இருந்தாலும் அந்த எடைக்கே காசு. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சின்னப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள், நடுவில் துணியோ நுரையோ வைக்கச் சொல்லுங்கள். 2024 ஜனவரி 1 முதல், பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கும் 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்ட பொருளுக்கு 10 சதவீத விற்பனை வரி உண்டு. 500ஐத் தாண்டினால் சுங்கத்துறைக் கணக்கு வேறு.

தரமும் ஒரே மாதிரி இல்லை. மெல்லிய தகட்டில் மெல்லிய முலாம் என்றால் நம் ஈரத்தில் ஓரத்திலிருந்து பொரியத் தொடங்கும். எவர்சில்வரில் செய்த நகல் கிடைத்தால் அதையே எடுங்கள், நிறம் குரோமை விடக் கொஞ்சம் மங்கல், ஆனால் மழைக்குக் கவலையில்லை. விற்கும்போது இதற்கு விலை எதிர்பார்க்காதீர்கள், ஒரிஜினல் என்று சொல்லி விற்கவும் கூடாது. பின்பக்கத்தில் நகல் என்று அழியாத மையில் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு அதை எடுக்கப்போகும் பேரப்பிள்ளைக்கு அது உண்மையைச் சொல்லும்.

வழி 4: பெட்டி பிரிக்காத பழைய சரக்கு

அந்தக் காலத்திலேயே செய்து, விற்காமல் அலமாரியில் தங்கிப்போனது. ஈப்போ, தைப்பிங் பக்கம் பழைய ஸ்பேர்பார்ட் கடைகளில் மேல்தட்டில் இருக்கலாம், கேட்டால் ஏணி போட்டு எடுத்துத் தருவார்கள். விலை மற்ற மூன்றையும் தாண்டும். பெட்டியும் எண் ஒட்டிய தாளும் மூடியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், பழைய பெட்டிக்குள் புது நகல் வைத்து விற்பது சுலபம். ரோட்டுக்கு இதை மாட்டாதீர்கள், மாட்டிய அன்றே அதன் தனி மதிப்பு போய்விடும்.

யாருக்கு எது

மேலே கேட்ட மைனர்காரருக்கு என் பதில் இது: இருக்கிற இரண்டு துருப்பிடித்த மூடியையும் கழற்றி, அலுமினியத் தாளால் மட்டும் துடைத்து, மெழுகு போட்டு வீட்டில் வையுங்கள். காருக்கு நான்கு நகல் மாட்டுங்கள், முடிந்தால் ஐந்தாக வாங்குங்கள், ஒன்றுக்காகத் திரும்பத் தபால் செலவு செய்ய வேண்டியதில்லை. காணாமல் போன இரண்டு ஒரிஜினலையும் அவசரமில்லாமல் தேடுங்கள். நான்கும் சேர்ந்த அன்று, கல்யாணத்துக்கோ பழைய கார் ஊர்வலத்துக்கோ போகும்போது மட்டும் மாட்டி, வந்தவுடன் கழற்றிவிடலாம்.

சுவருக்குச் சேர்க்கிற தம்பி தங்கைகள் விலை உயர்ந்த பித்தளையில் ஆரம்பிக்க வேண்டாம். 1970களின் டட்சன், டொயோட்டா மூடிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன, கை பழகட்டும், பின்பக்கம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எந்தக் காரிலிருந்து வந்தது என்று சின்னத் தாளில் எழுதி உடனே கட்டிவிடுங்கள், மறந்துபோனால் யாரிடமும் கேட்க முடியாது, தோட்டமே இருக்காது. மெர்சிடிஸ் டாக்சி வைத்திருந்த குடும்பங்களில் இன்னும் மூடிகள் கிடக்கும், போய்க் கேளுங்கள், ஆனால் சாயத்தை முழுக்கச் சுரண்டி நிறம் மாற்றாதீர்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் வியர்த்துத் துரு ஏறும். பருத்தித் துணி சுற்றி, தரையிலிருந்து உயரமாக, காற்றுப் படுகிற இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். பின்பக்கத்துக்கும் மெழுகு வேண்டும், முக்கால்வாசி மூடிகள் அங்கிருந்துதான் அழியத் தொடங்குகின்றன.